மணிக்குப் பின்னால்

ஊசி ஏரிப் பண்ணை,
வட பிரிட்டிஷ் கொலம்பியா
1936 ஆகஸ்ட் 30

அன்புள்ள சிகுர்ட் அண்ணாவுக்கு,

ராக்னா எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்டால் நலம் என்றுதான் எழுதுவாய். அதனால் உன் எடை எத்தனை பவுண்டு என்று கேட்கிறேன், அதை எழுது.

நீ மே மாதம் ரயிலேறியதிலிருந்து இங்கே மழை பிடித்துக்கொண்டது. ஏரிக்கரையில் அறுத்துப் போட்ட புல்லை நான்கு முறை புரட்டிப் போட்டோம், நான்கு முறையும் நனைந்தது. அக்கரையிலிருந்து அலெக்சி தினமும் தன் பொறிகளையும் வலைகளையும் விட்டுவிட்டு வந்து உதவினார். வழக்கமாக எட்டுப் போராகக் குவித்து வைப்போம், இந்த வருடம் ஐந்துதான். ஆறாவது என்று ஒன்று நிற்கிறது, பாதி அழுகல். "இத மாடு மோந்துகூடப் பாக்காது. ஒங்க அண்ணனுக்கு மெத்தை தச்சு அனுப்பு" என்கிறார் அலெக்சி.

மாடுகள் நாற்பத்துநான்கும் எரிமேட்டில் இருக்கின்றன. காடு எரிந்த இடத்தில் புல் இடுப்பளவு நிற்கிறது, அந்த மட்டுக்கும் சந்தோஷம். போன வாரம் உப்புக்கட்டி கொண்டுபோனபோது தாக்ரோஸ் கழுத்து மணியை ஆட்டிக்கொண்டு முன்னால் வந்து நின்றாள். மற்றவை அவளுக்குப் பின்னால் வரிசையாக வந்தன. அவளுக்குப் பதினான்கு வயதாகிறது, இரண்டாவது வருடமாகச் சினை பிடிக்கவில்லை.

மாட்டு வியாபாரி செப்டம்பர் கடைசியில் வருகிறான். ஐந்து போர்ப் புல் நாற்பத்துநான்கு வாய்க்குக் காணாது. எதைக் கொடுப்பது என்று நீ சொல். உன் ஒன்பது வருட உழைப்பு இது, நானாகக் கை வைக்க மாட்டேன்.

உன் தங்கை,
ராக்னா

*

காசநோய் விடுதி
செப்டம்பர் 12

ராக்னாவுக்கு,

எடை இரண்டு பவுண்டு கூடியிருக்கிறது. போதுமா?

எங்களைக் கட்டிலோடு வராந்தாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். மழையானாலும் குளிரானாலும் வராந்தாதான், காற்றுதான் மருந்தாம். இதே காற்றை எங்கள் வீட்டில் சும்மாவே குடித்துக்கொண்டிருந்தேனே என்று டாக்டரிடம் சொன்னேன். அவருக்குச் சிரிக்க வரவில்லை. பக்கத்துக் கட்டில் பெட்டிகுரூ சிரித்தார். ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்த மனுஷன். சிரித்ததும் இருமினார், நர்ஸ் வந்து என்னைத் திட்டினாள்.

மாடு விஷயம். கிழடும் மலடுமாக ஆறைத் தள்ளிவிடு. முதலில் தாக்ரோஸ். எனக்கும் மனம் வரவில்லைதான், ஆனால் கன்று போடாத வாய்க்கு ஒரு குளிர்காலம் முழுக்கப் புல் போட நம்மால் முடியாது. மணியைக் கழற்றிச் சிவப்பிக்குக் கட்டு. திடமான பசு, முன்னால் நடக்கிற சுபாவம் உள்ளவள்.

மீதி முப்பத்தெட்டையும் இப்போதே கீழே ஓட்டி வராதே. முதல் பனி விழும் வரை மேலேயே மேயட்டும், அங்கே தின்கிற ஒவ்வொரு வாரமும் இங்கே நமக்கு அரைப் போர் மிச்சம். பனி விழுந்ததும் மணிக்குப் பின்னால் தாமாக வந்துவிடும். ஒன்பது வருடமும் வந்தன. நீ தனியாகக் குதிரை ஏறி மேலே போக வேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள். அலெக்சிக்கு என் வணக்கம். அந்த மெத்தை எனக்கு வேண்டாம் என்று சொல்.

சிகுர்ட்

*

ஊசி ஏரி
செப்டம்பர் 29

அன்புள்ள அண்ணா,

நலம். நீ சொன்னபடி செய்துவிட்டேன். ஆறும் போய்விட்டன.

எனக்கு ஒப்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன், பிறகு மறைத்தேன் என்று சொல்லாதே. வழி தெரிந்தவள் தாக்ரோஸ் ஒருத்திதான். சிவப்பி இங்கே பிறந்தவள் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு கணவாய்க்கு அப்பால், வடக்கு ஆற்றங்கரையில் நீ வாங்கி வந்த பசு. மணியைக் கட்டும்போது அலெக்சி பக்கத்தில் நின்று, "ஏம்மா, மணி சத்தம் போடும், சரி. வழி யாரு சொல்லுவா?" என்று கேட்டார். அதையே உன்னிடம் கேட்கிறேன். உனக்குத் தெரிந்தால் எழுது.

எடையும் எழுது.

ராக்னா

*

காசநோய் விடுதி
அக்டோபர் 14

ராக்னா,

கன்றுக்குட்டி மாதிரி மிரளாதே. உன் கடிதத்தைப் பெட்டிகுரூவுக்குப் படித்துக் காட்டினேன், இரண்டு பேரும் சிரித்தோம். அலெக்சி நல்ல வேட்டைக்காரன். ஆனால் அவன் வாழ்நாளில் வளர்த்தது மூன்று நாய்கள். மாட்டைப் பற்றி அவன் எனக்குச் சொல்லித் தர வேண்டாம்.

மாடு மணியைக் கேட்டு வருகிறது, மணி கட்டிய பசுவின் முகத்தைப் பார்த்து இல்லை. அந்த மணி அம்மா நார்வேயிலிருந்து சாமான் பெட்டியில் கொண்டுவந்தது. அம்மாவின் காலத்திலிருந்து எத்தனை கழுத்து மாறியிருக்கிறது, ஒரு மந்தையாவது தொலைந்ததா? எரிமேட்டுப் பாதை இறங்கும் மேட்டுவாசலில் உப்பை வைத்துக்கொண்டு நில், போதும்.

எடை இன்னும் ஒரு பவுண்டு ஏறியிருக்கிறது. இந்தக் கணக்கில் போனால் வசந்தத்தில் கன்று ஈனும் நேரத்துக்கு அங்கே இருப்பேன். அந்த ஒரு நினைப்பில்தான் இந்தக் கட்டிலில் கிடக்கிறேன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சிகுர்ட்

*

ஊசி ஏரி
நவம்பர் 3

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன், தபால்காரர் வாசலில் நிற்கிறார். பனி அக்டோபர் இருபத்தெட்டில் ஆரம்பித்தது, நிற்கவில்லை. வேலிக்கம்பம் மூழ்கிவிட்டது. ஆறு நாளாக மேட்டுவாசலில் உப்போடு நிற்கிறேன். மணிச் சத்தமே இல்லை. ஒன்றுகூட வரவில்லை. நாளை அலெக்சியும் நானும் மேலே போகிறோம்.

ராக்னா

*

காசநோய் விடுதி
நவம்பர் 18

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

தங்கள் சகோதரரின் வார்டுக்குப் பொறுப்பான தலைமை நர்ஸ் ஹார்கிரீவ்ஸ் எழுதுவது. தாங்கள் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நவம்பர் மூன்றாம் தேதியிட்ட தங்கள் கடிதத்தைப் படித்த அன்று மாலை அவர் நிறைய இரத்தம் கக்கினார். இப்போது பேசக்கூட அனுமதி இல்லை. அவர் தங்களுக்கு என்ன எழுதி வருகிறார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஜூன் முதல் அவர் எடை குறைந்துகொண்டேதான் வருகிறது. அடுத்த கோடையைப் பார்ப்பது சந்தேகம் என்று டாக்டர் கருதுகிறார்.

ஒவ்வொரு தபாலுக்கும் கையை நீட்டி மாடுகள் வந்துவிட்டனவா என்று சைகையில் கேட்கிறார். வந்திருந்தால் உடனே எழுதுங்கள். வராவிட்டால், தயவுசெய்து எதுவும் எழுதாதீர்கள்.

இப்படிக்கு,
எம். ஹார்கிரீவ்ஸ்

*

ஊசி ஏரி
நவம்பர் 30

அண்ணா,

இந்தக் கடிதம் உனக்கு வராது. எழுதி முடித்ததும் மாவுப் பீப்பாய்க்கு அடியில் வைக்கப் போகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும், அலெக்சியிடம் சொல்ல ஒன்றுமில்லை, அவர் கூடவே இருந்தார்.

எரிமேட்டில் ஒரு மாடும் இல்லை. கால்தடம் பனிக்கடியில் போய்விட்டது. மூன்றாம் நாள் காற்று நின்றபோது மணி கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான். அலெக்சி மட்டும் முகம் வெளுத்து நின்றார். "ராக்னா, சத்தம் வடக்கயிருந்து வருது" என்றார்.

கணவாயில் இருந்தன. சிவப்பி தான் பிறந்த ஆற்றங்கரைக்குப் புறப்பட்டிருக்கிறாள். முப்பத்தேழும் அவள் பின்னால் போயிருக்கின்றன, ஒன்றுகூட விலகவில்லை. மார்பளவு பனியில் ஒற்றை வரிசையாக நின்றன. வரிசையின் பின்பாதி நின்றபடியே செத்திருந்தது. உயிரோடு பதினாறு. மேலே உறைந்த பொருக்கு கால்களை எலும்பு தெரிய அறுத்திருந்தது, ஓர் அடி எடுத்து வைக்க முடியவில்லை. அவற்றுக்குக் கொடுக்க ஒரு பிடி புல் இல்லை. அலெக்சி துப்பாக்கியை எடுத்தார். "நீ திரும்பி நில்லும்மா" என்றார். நான் திரும்பவில்லை. பாதியை நான் சுட்டேன்.

சிவப்பியைக் கடைசியில் சுட்டேன். ஒவ்வொரு வெடிக்கும் அவள் தலையை உதறினாள், மணி அடித்தது. கழுத்துத் தோல்வார் கெட்டியாக இருந்தது, கத்தியால் அறுத்துத்தான் மணியைக் கழற்றினேன்.

நீ சொன்னது சரிதான், அண்ணா. மாடு மணியைக் கேட்டுத்தான் போகிறது.

மூன்று வாரம் உன்னை வெறுத்தேன். படித்துக் காட்டிச் சிரித்தாயே, அதற்காக. நேற்று அந்த நர்ஸ் அம்மாளின் கடிதம் வந்தது. இப்போது தொழுவத்தில் பால் மாடும் பொலிகாளையும் மட்டும் நிற்கின்றன. ஐந்து போர்ப் புல்லும் அப்படியே இருக்கிறது. காலையில் எழுந்தால் செய்ய வேலை இல்லை.

ராக்னா

*

ஊசி ஏரி
டிசம்பர் 2

அன்பும் பாசமும் நிறைந்த அண்ணாவுக்கு,

முதலில் மனதை நிதானப்படுத்திக்கொள். மாடுகள் வந்துவிட்டன! முப்பத்தெட்டும் வந்துவிட்டன. போன கடிதத்தை அவ்வளவு பதறி எழுதியதற்கு என்னை நானே குட்டிக்கொள்கிறேன்.

நாங்கள் மேலே போகப் புறப்பட்டுக் குதிரைக்குச் சேணம் கட்டிக்கொண்டிருந்தோம். அப்போதுதான் மணி கேட்டது. நீ சொன்னாயே, அதே மாதிரி. சிவப்பி ராணி போல முன்னால் வந்தாள், முதுகில் ஒரு சாண் பனி. பின்னால் மற்றவை வரிசையாக, ஒன்றுகூட விலகாமல். மேட்டுவாசலில் நின்று எண்ணினேன், இரண்டு தடவை எண்ணினேன். அலெக்சி தொப்பியைக் கழற்றிவிட்டு, "ஒங்க அண்ணன்கிட்ட சொல்லிரு, நான் இனிமே நாயோட நிறுத்திக்கிறேன்" என்றார். நீ சிரிப்பாய் என்று தெரியும், மெதுவாகச் சிரி.

கொஞ்சம் மெலிந்திருக்கின்றன, வேறொன்றும் இல்லை. புல்லை அளந்துதான் போடுகிறேன். அந்த ஆறாவது போரைக்கூட நல்ல புல்லோடு கலந்து போட்டால் தின்கின்றன. காலையில் ஏரியில் தண்ணீர்க்குழி வெட்டும்போது சிவப்பி என் முதுகை முட்டிக்கொண்டு நிற்கிறாள், அவளுக்குத்தான் முதல் வாய் வேண்டுமாம். மணி கட்டியதிலிருந்து அவளுக்குத் தலைக்கனம்.

கிறிஸ்துமஸுக்கு அலெக்சி மூஸ் மான் தொடை தருவதாகச் சொல்லியிருக்கிறார். அம்மாவின் கைப்பக்குவத்தில் உருளைக்கிழங்கு ரொட்டி சுடுவேன். உனக்கும் ஒரு தட்டு வைப்பேன். இன்னும் நான்கு பக்கம் இருக்கிறது, ஒவ்வொரு பசுவைப் பற்றியும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன், நர்ஸ் அனுமதிக்கும்போது தினமும் ஒரு பக்கம் படி.

என்றும் உன்,
ராக்னா

*

காசநோய் விடுதி
டிசம்பர் 27

ராக்னாவுக்கு,

உன் கடிதம் வந்தது. தினம் ஒரு பக்கமாவது! ஒரே மூச்சில் மூன்று தடவை படித்தேன். நர்ஸ் பிடுங்கிக்கொண்டுபோய், பிறகு அவளும் படித்தாள்.

பெட்டிகுரூ இப்போது தினமும், "என்ன முதலாளி, இன்னைக்கு எத்தன கன்னு?" என்கிறார். மார்ச்சுக்கு முன்பு எங்கள் ஊரில் கன்று விழாது என்று எத்தனை தடவை சொன்னாலும் அந்த ரயில் மண்டையில் ஏறவில்லை. முதல் கன்றுக்கு அவர் பெயரை வைக்க வேண்டுமாம். பெண் கன்றானால் என்ன செய்வது?

எனக்குச் சின்னத் தொந்தரவு ஒன்று வந்து போனது, இப்போது சரி. எடை அதேதான். நிறைய எழுது. தண்ணீர்க்குழியைப் பற்றி எழுது. எதை வேண்டுமானாலும் எழுது.

சிகுர்ட்

*

ஊசி ஏரி
1937 மார்ச் 8

அன்பு அண்ணாவுக்கு,

நலம், நலமே அறிய ஆவல். முதல் கன்று விழுந்துவிட்டது! சிவப்பிதான் ஈன்றாள். காளைக்கன்று, நெற்றியில் வெள்ளை. பெட்டிகுரூவிடம் சொல், அவருடைய பெயர் காப்பாற்றப்பட்டது. இவன் பிறந்த அரை மணி நேரத்தில் எழுந்து நின்றான், எழுந்ததும் என் காலணியை மிதித்தான்.

அதற்குப் பிறகு ஆறு விழுந்திருக்கிறது, எல்லாம் பிழைத்திருக்கின்றன. குளிருக்குப் பயந்து இரண்டை அடுப்பங்கரைக்கே தூக்கிவந்தேன். அதில் ஒன்று உன் பழைய கோட்டின் கையைச் சப்பிப் பாழாக்கிவிட்டது. நீ வந்ததும் அதனிடமே நியாயம் கேள். மீதி முப்பத்தொன்றும் மடி இறங்கி நிற்கின்றன.

ஏரியில் பனிக்கட்டி இன்னும் இரண்டடி கனம் இருக்கிறது. ஒரே குழியில் எல்லாம் கூடினால் பனிக்கட்டி உடையும் என்று நீ சொல்வாயே, அதனால் வரிசையாக ஐந்து குழி வெட்டுகிறேன். புல் ஏப்ரல் கடைசி வரை வரும் போலிருக்கிறது. அலெக்சி கேட்கச் சொன்னார், சிகுர்ட் எப்ப வர்றான், கோடையில் வேலி போட ஆள் வேண்டுமே என்று. நானும் அதையேதான் கேட்கிறேன்.

மற்ற பக்கங்களில் கன்றுகளை வரைந்து அனுப்பியிருக்கிறேன். ஓவியம் சுமார்தான், புள்ளிகள் மட்டும் சரியாக இருக்கும்.

உன்,
ராக்னா

*

காசநோய் விடுதி
மார்ச் 30

என் அருமை ராக்னா,

பெட்டிகுரூ செவ்வாய்க்கிழமை போய்விட்டார். வெள்ளை நெற்றிக்காரனின் படம் அவர் தலையணைக்கடியில் இருந்தது. இனி நான் நடித்துக் காட்ட ஆள் இல்லை, அதனால் உள்ளதை எழுதுகிறேன்.

எனக்கு டிசம்பரிலேயே தெரியும்.

குளிர்காலத்தில் நான் யாருக்காவது கடிதம் எழுதிப் பார்த்திருக்கிறாயா? அம்மா இறந்ததையே பெரியம்மாவுக்கு மே மாதம்தான் எழுதினேன். முப்பத்தெட்டு மாட்டுக்குத் தனியாளாகப் புல் பிடுங்கிப் போட்டு, கோடரியால் ஐந்து குழி வெட்டினால் விரல் வெடித்துவிடும், பென்சில் நிற்காது. நவம்பரில் நீ எழுதிய நாலு வரி கோழி கிளறினாற்போல இருந்தது. அது உண்மை. அப்புறம் வந்ததெல்லாம் முத்து முத்தான எழுத்து, எட்டு எட்டுப் பக்கம், படம் வேறு. வேலை இல்லாதவளின் கை அது. மாடு இல்லாதவளின் கை.

உன்னைத் தடுக்கவில்லை. ஒவ்வொரு கடிதத்துக்கும் எனக்கு ஒரு கன்று கிடைத்ததே. நானும் உனக்கு மூன்று பவுண்டு எடை கொடுத்தேன், கணக்குச் சரியாகப் போயிற்று. நான் வரப்போவதில்லை, ராக்னா. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

ஒன்றே ஒன்றுக்கு மட்டும் உண்மையான பதில் வேண்டும். ஜனவரி முழுவதும் படுத்தபடி இதையேதான் யோசித்தேன். சிவப்பி வடக்கே போனாளா? மற்றவை மணிக்குப் பின்னால் போயினவா? போயிருந்தால் அவற்றைக் கொன்றவன் நான். அலெக்சி கேட்டான், நீ எழுதினாய், நான் சிரித்தேன். அதைத் தெரிந்துகொண்டு சாகிறேன், தெரியாமல் கிடப்பது அதைவிட மோசம். பொய் எழுதாதே. எழுத்தைப் பார்த்தாலே கண்டுபிடித்துவிடுவேன்.

சிகுர்ட்

*

ஊசி ஏரி
ஏப்ரல் 15

அண்ணா,

இரண்டு நாளாக விறகு பிளக்கிறேன். விரல் வெடித்துவிட்டது, பென்சில் நிற்கவில்லை. எழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

முப்பத்தெட்டும் போயின. ஆனால் மணிக்குப் பின்னால் போகவில்லை. வார் அறுந்து மணி எரிமேட்டிலேயே கிடந்தது, உப்புக்கட்டிப் பலகைக்குப் பக்கத்தில். முதல் பனிக்கு முன்பே விழுந்திருக்கிறது. மணி இல்லாமல் திசைக்கொன்றாய்ச் சிதறிவிட்டன. கழுத்தில் இருந்திருந்தால் நீ சொன்னபடி வந்திருக்கும்.

பழைய வாரையே கட்டியவள் நான். மாற்றியிருக்க வேண்டும். கோபப்படாதே.

ராக்னா